முதல் சீசன், முதல் கத்தி: குடல் எடுக்க, தோல் உரிக்க, கறி போட எது வாங்கலாம்?

முதல்சீசன்:

வணக்கம் எல்லாருக்கும். இந்த வருஷம்தான் வேட்டை லைசென்ஸ் கைக்கு வந்துச்சு, சீசன் திறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. துப்பாக்கி ஓரளவு பழகிட்டேன், குறி தப்பாம போகுது, ஆனா சுட்டு விழுந்ததுக்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலைய நெனச்சாதான் வயித்தக் கலக்குது. போன வருஷம் மாமா ஒரு மானுக்குக் குடல் எடுத்தத பக்கத்துல டார்ச் புடிச்சு நின்னு பாத்தேன், பத்து நிமிஷத்துல முடிச்சிட்டார், என்ன செஞ்சார்னே எனக்குப் புரியல.

கத்தி வாங்கலாம்னு தேட உக்காந்தா டிராப் பாயிண்ட்ங்கறாங்க, கிளிப் பாயிண்ட்ங்கறாங்க, ஸ்கின்னர், கேப்பிங் கத்தி, கட்ஹூக்னு போய்க்கிட்டே இருக்கு, எஃகு பேரெல்லாம் மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி இருக்கு. நான் இப்ப கண்ணு வச்சிருக்கறது 7 இன்ச் அலகு, 6 மில்லிமீட்டர் தடிமன், முதுகுல ரம்பப்பல்லு, முனைகிட்ட வயித்தத் திறக்க கட்ஹூக்னு ஒரு கொக்கி. ஒரே கத்தில எல்லா வேலையும் முடியும்னு போட்டிருக்கான். வாங்கலாமா?

மூட்டுக்காரர்:

தம்பி, அத வாங்காத. கறி வெட்டுறதே எனக்குத் தொழில், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, சீசன்ல வேட்டைக்காரங்க கொண்டு வர்ற மான், காட்டுப்பன்னி எல்லாம் எங்க மேசைக்குத்தான் வரும். எந்த மிருகத்த எப்படிப்பட்ட கத்தியால திறந்திருக்காங்கன்னு தூக்கி மாட்டுன உடனே தெரிஞ்சிரும். பெரிய கத்தியால அவசரமா திறந்ததுல இரைப்பை ஓட்டையாகி பச்சைத் தழைச் சாறு வழிஞ்சு உள்தொடை வரைக்கும் நாத்தம் ஏறியிருக்கும், அந்தக் கறிய கழுவிக் காப்பாத்த முடியாது, சீவித் தள்ளத்தான் முடியும். அவ்ளோ நல்ல கறி குப்பைக்குப் போறத பாக்க எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாது.

குடல் எடுக்கறப்ப பாதி வேலை கண்ணுக்குத் தெரியாம கைத்தடவல்ல நடக்கறது. உதரவிதானத்த சுத்தி அறுத்துட்டு நெஞ்சுக்கூட்டுக்குள்ள முழங்கைக்கு மேல கைய விட்டு மூச்சுக்குழாயத் தடவிப் புடிச்சு, இன்னொரு கையால அதுக்கு மேல அறுக்கணும். ரெண்டு கையும் உள்ள, நடுவுல கத்தி, எல்லாம் ரத்தத்துல வழுக்கும். அந்த நேரத்துல கையில 7 இன்ச் இருந்தா முனை எங்க இருக்குன்னு உனக்கே தெரியாது. சின்னதா இருந்தா ஆள்காட்டி விரல முதுகு மேல நீட்டி, முனைய விரலாலயே மறைச்சு உள்ள கொண்டு போலாம், விரல் தொட்ட இடத்தத்தான் கத்தியும் தொடும்.

கடையில கத்திய எடுத்ததும் அதே மாதிரி புடிச்சு விரல நீட்டிப் பாரு. விரல் நுனியத் தாண்டி முனை அரை இன்ச்சுக்கு மேல வெளிய போனா அது உனக்கு நீளம். அநேகமா எல்லார் கைக்கும் மூணுல இருந்து நாலு இன்ச்சுக்குள்ள வந்து நிக்கும். தடிமன் ரெண்டரைல இருந்து மூணரை மில்லிமீட்டர் போதும், 6 மில்லிமீட்டர் விறகு பொளக்கத்தான் ஆகும்.

முதல்சீசன்:

ரொம்ப நன்றிண்ணா. ஆனா ஒரு சந்தேகம், நாலு இன்ச் கத்தி வச்சு எலும்ப எப்படி வெட்டுறது? தொடை, முன்னங்கால் எல்லாம் கழட்டணுமே.

மூட்டுக்காரர்:

எலும்ப வெட்டவே வேணாம் தம்பி. எல்லாரும் முதல்ல மாட்டிக்கிற இடம் இதுதான்.

முன்னங்கால் சப்பைக்கும் உடம்புக்கும் நடுவுல எலும்பு மூட்டே கிடையாது. மனுஷனுக்கு இருக்கற காறையெலும்பு மானுக்கு இல்ல, அந்தக் கால் முழுக்க சதையாலயும் சவ்வாலயும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. கால ஒரு கையால வெளிப்பக்கமா தூக்கு, அக்குள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு சவ்வு விரியும், அதுல கத்திய வச்சு விலாவ ஒட்டியே கீறிக்கிட்டே போ, தூக்கத் தூக்க தானா பிரிஞ்சு வரும். கடைசில சப்பை எலும்போட மேல் விளிம்புகிட்ட ஒரு கீறல், கால் கையோட வந்துரும். ரம்பமும் வேணாம் கோடாலியும் வேணாம்.

பின்தொடைக்கு இடுப்புல பந்துக்கிண்ண மூட்டு இருக்கு. இடுப்பெலும்ப விரலால தடவிக்கிட்டே சதைய ஒதுக்கிட்டுப் போனா பந்து தட்டுப்படும், கால வெளிப்பக்கமா மடக்கினா மூட்டு கொஞ்சம் வாய் திறக்கும், உள்ள சின்னதா ஒரு நார் பந்தையும் கிண்ணத்தையும் புடிச்சிருக்கும், முனைய உள்ள விட்டு அத அறுத்தா 'டொக்'குனு விடும். அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டா அப்புறம் ரம்பத்தத் தேடவே மாட்ட. கீழ்க்காலுக்கு முட்டிக்குள்ளயே கத்திய விட்டு ஆட்டாத, முட்டிப் புடைப்புக்குக் கொஞ்சம் கீழ தட்டையா ஒரு மூட்டு இருக்கு, சுத்தி நாரக் கீறிட்டு முழங்கால்ல வச்சு ஒடிச்சா ஒடிஞ்சிரும். பின்னங்கால்ல குதிகால் நரம்ப மட்டும் அறுத்துராத, தொங்க விடறப்ப கொக்கி அதுலதான் மாட்டணும்.

பழையகத்தி:

மூட்டுக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு. 1991ல ஆல்ப்ஸ் மலையில பனிக்கட்டிக்குள்ள ஒரு ஆளக் கண்டெடுத்தாங்களே, ஓட்சின்னு பேர் வச்சாங்க, 5,300 வருஷத்துக்கு முந்தின ஆளு, அவன் கூட இருந்த கத்தி சிக்கிமுக்கிக் கல் அலகு, மரக் கைப்பிடி, ரெண்டும் சேத்தே 13 சென்டிமீட்டர்தான். வயித்துல காட்டாட்டுக் கறியும் செம்மான் கறியும் இருந்துச்சு. அன்னைக்கே சின்னக் கத்தி போதுமா இருந்திருக்கு.

நான் ரொம்ப காலம் மடக்குக் கத்திதான் வச்சிருந்தேன், பக் 110. 1964ல வந்த மாடல், பித்தளை முனை, மரக் கைப்பிடி, மூணே முக்கால் இன்ச் கிளிப் பாயிண்ட். திறந்தா பூட்டு விழற சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா இன்னைக்கு ஒரு புது ஆளுக்கு மடக்குக் கத்தி வாங்குன்னு சொல்ல மாட்டேன். கொழுப்பும் ரத்தமும் அந்த மடிப்புக்குள்ள இறங்கிரும், வெளிய பளபளன்னு இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு மோந்து பாத்தா உள்ள அழுகின வாடை வரும். வெந்நீர ஊத்தி பல்விளக்குற பிரஷ் வச்சு நோண்டணும், காயவச்சு எண்ணெய் விடணும். ராத்திரி களைச்சு வந்து அத யாரு செய்வா? மடங்காத நிலைக்கத்தின்னா சோப்புப் போட்டு ரெண்டு நிமிஷம், முடிஞ்சுது.

வடிவம் கேட்டா டிராப் பாயிண்ட். முதுகு முனைகிட்ட மெதுவா கீழ சரியும், அதனால முனை கத்தியோட நடுக்கோட்டுக்கு இறங்கிரும், வயித்தத் திறக்கறப்ப குடல்ல போய் குத்தாது. இத வேட்டைக் கத்தில பரப்புனது பாப் லவ்லெஸ்னு ஒரு அமெரிக்கக் கத்திக் கலைஞர், 2010ல காலமானார். இப்ப இருக்கற பாதி வேட்டைக் கத்திங்க அவர் வரைஞ்ச கோட்ட ஒட்டித்தான் வருது. கிளிப் பாயிண்ட் முனை மெலிசு, மேல தூக்கி நிக்கும், அத வச்சு நானே ரெண்டு தடவ இரைப்பையக் குத்தியிருக்கேன்.

எஃகுப்பித்தன்:

எஃகு பத்தி யாராவது கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன், நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு, எஃகு பேருக்கு முன்னாடி வாய்கிட்ட கத்தி எவ்ளோ மெலிசா இருக்குன்னு பாருங்க. அதே எஃகுல செஞ்ச ரெண்டு கத்தில ஒண்ணு வாய்க்குப் பின்னாடி தடிமனா இருந்து இன்னொண்ணு மெலிசா இருந்தா மெலிசு சதையில வழுக்கிக்கிட்டு போகும், தடிமன் ஆப்பு மாதிரி நிக்கும். ஆனா கடைக்காரன் அட்டையில எஃகு பேரத்தான் பெருசா போடுவான், தடிமனப் போட மாட்டான்.

அடுத்தது கடினம், ராக்வெல் அளவுல எச்ஆர்சின்னு போடுவாங்க. கறிக்கடைக் கத்திங்க அனேகமா 55ல இருந்து 57, வேட்டைக் கத்திங்க 58ல இருந்து 61 வரைக்கும் வரும். மூட்டுக்காரர் கையில இருக்கறது அனேகமா எக்ஸ்50 வகைதான், அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். மென்மையா இருக்கறதால வாய் மடங்கும், உடையாது, அவர் இடுப்புல தொங்குற தீட்டுக்கோல்ல நாலு இழுப்பு இழுத்தா நிமிந்துரும். காட்டுல அப்படி நின்னு நின்னு தீட்ட முடியாது, அதனால கொஞ்சம் கடினமானது நல்லது, ஆனா ரொம்ப கடினமா போனா எலும்புல பட்டு வாய் பொறிஞ்சிரும்.

பேரு வாரியா சொல்லணும்னா, 1095 பழைய கார்பன் எஃகு, 0.95 சதவீதம் கார்பன், தீட்ட அவ்ளோ சுலபம், ஆனா ரத்தம் பட்டு அரை மணி நேரம் விட்டா கறுத்துப்போகும், அப்படியே விட்டா துருதான். டி2ல குரோமியம் 12 சதவீதம் இருந்தும் கார்பனும் கூடுதலா இருக்கறதால குரோமியத்துல ஒரு பங்கு கார்பைடுங்கற கடினமான துகளுக்குள்ள மாட்டிக்குது, அதனால முழு ஸ்டெயின்லெஸ்னு சொல்ல மாட்டாங்க. ஏஇபி-எல் முகச்சவர பிளேடுக்காகச் செஞ்சது, கார்பைடு ரொம்ப நைசு, கூர்மை சீக்கிரம் ஏறும், எனக்குப் புடிச்சது அதுவும் 14சி28என்னும்தான். எஸ்30வி 2001ல வந்தது, வனேடியம் 4 சதவீதம், பதம் ரொம்ப நேரம் நிக்கும், ஆனா வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்ல விட கடினம், வைரக்கல் இல்லாம தீட்ட உக்காந்தா கை வலிதான் மிச்சம்.

புது ஆளுக்கு என் பதில், சாதாரண ஸ்டெயின்லெஸ், 57ல இருந்து 59, தீட்டக் கத்துக்க அதுதான் தோது.

மாத்துபிளேடு:

இவ்ளோ பேசறீங்க, பிளேடு மாத்துற கத்தி பத்தி யாருமே சொல்லலையே? ஆபரேஷன் தியேட்டர் பிளேடு மாதிரி, மழுங்கினா கழட்டிப் போட்டு புதுசு மாட்டிக்கலாம், தீட்டவே வேணாம். எடையும் இல்ல. ஒரு மானுக்கு ரெண்டு பிளேடு, பெரிய எல்க் மான்னா நாலஞ்சு, சோலி முடிஞ்சுது. நான் அஞ்சு சீசனா இதுதான்.

மலைநடை:

நானும் மூணு சீசன் அதுதான் வச்சிருந்தேன் ப்ரோ, தோல் உரிக்கறதுக்கும் முகத்தோல் எடுக்கறதுக்கும் அத மிஞ்சி ஒண்ணு கிடையாது, கண்ண சுத்தி உதட்ட சுத்தி அறுக்கறப்ப அந்த மெலிசு முனை அவ்ளோ உதவி. ஆனா ஒரு ராத்திரி இடுப்பு மூட்டுல அத விட்டு லேசா திருப்பினேன், பிளேடு ரெண்டா ஒடிஞ்சு ஒரு பாதி சதைக்குள்ள போயிருச்சு. தலைவிளக்கு வெளிச்சத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல தேடினேன், விரலால தடவவும் பயம். அந்தத் துண்டு எங்க வீட்டுப் புள்ளைங்க தட்டுல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் உடம்பு நடுங்குது. கடைசில தொடை எலும்ப ஒட்டிக் கிடைச்சுது, ரெண்டு துண்டையும் ஒட்ட வச்சுப் பாத்து முழுசா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் மூட்டைய கட்டினேன்.

இன்னொரு விஷயம், மழுங்கின பிளேட இடுக்கி இல்லாம விரலால கழட்டுறது. கொழுப்பு பட்ட கை, குளிர்ல மரத்துப்போன விரல், அதுல கீறல் வாங்காதவங்க ரொம்ப கம்மி.

மாத்துபிளேடு:

ஒத்துக்கறேன் அக்கா. மூட்டுல திருப்பக் கூடாது, அது அறுக்கற சாமான், நெம்பற சாமான் இல்ல. நானும் மூட்டுக்கு மூணு இன்ச் நிலைக்கத்தி ஒண்ணு கூட வச்சிருக்கேன், அத முதல்லயே சொல்லியிருக்கணும். கழட்டுறதுக்குச் சின்ன இடுக்கி, பழைய பிளேடு போட மூடி போட்ட டப்பா, இது ரெண்டும் பைல இல்லாம நான் கிளம்ப மாட்டேன்.

முதல்சீசன்:

அப்ப கட்ஹூக்? அது இருந்தா இரைப்பையக் குத்தாம வயித்தத் திறக்கலாம்னு போட்டிருக்கானே, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

மலைநடை:

புதுசா இருக்கறப்ப ஜிப் திறக்கற மாதிரி போகும் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அஞ்சாறு மிருகத்துக்கு அப்புறம் அந்த வளைவுக்குள்ள மழுங்கிரும், உள்ள தீட்ட உருண்டையான வைரக்கோல் தனியா வேணும், முடி போய் அடைச்சுக்கும். அதுக்கும் மேல, அந்தக் கொக்கி முதுகுல இருந்தா ஆள்காட்டி விரல முதுகு மேல வைக்க முடியாது. மூட்டுக்காரர் சொன்ன அந்தப் புடியே போயிருது.

கொக்கி இல்லாம திறக்கறது எப்படின்னு சொல்றேன். விலா முடியற இடத்துல தோல ரெண்டு விரலால கிள்ளித் தூக்கி சின்னதா ஒரு ஓட்டை போடு, சவ்வையும் அதே மாதிரி. அந்த ஓட்டையில இடது கையோட ரெண்டு விரல விட்டு 'வி' மாதிரி விரிச்சு வயித்துத் தோல மேல தூக்கிப் புடி, குடல் கீழ அமுங்கி நிக்கும். இப்ப கத்திய வாய் மேல பாத்த மாதிரி திருப்பி ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு, விரலும் கத்தியும் ஒண்ணா நகரணும். உள்ள இருந்து வெளிய அறுக்கறதால முடி வெட்டுப்படாது, ஒதுங்கும். கத்தி மழுங்கறதுல பெரும்பங்கு முடியாலயும் அதுல ஒட்டுன மண்ணாலயும்தான். வெளிய இருந்து உள்ள அறுத்தீங்கன்னா எவ்ளோ ஒசந்த எஃகா இருந்தாலும் ஒரு மான் தாண்டாது, கறியெல்லாம் முடியா இருக்கும்.

எஃகுப்பித்தன்:

//உள்ள இருந்து வெளிய// இத தங்கத்துல எழுதி வைக்கணும். நான் எழுதின அவ்ளோ எஃகுக் கதையும் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாகாது.

மலைநடை:

கைப்பிடி பத்தி யாரும் பேசல. மான் கொம்பு, மெருகு போட்ட மரம் எல்லாம் பாக்க அழகு, ரத்தமும் கொழுப்பும் பட்டா சோப்புக்கட்டி. ரப்பர் மாதிரி சொரசொரப்பானது, இல்ல ஜி10, மிக்கார்ட்டா (துணிய பிசின்ல அடுக்கி இறுக்கினது) இப்படி ஈரத்துலயும் புடி குடுக்கறது வாங்கணும். விரல் முன்னாடி வழுக்கிப் போகாம ஒரு தடுப்பு கண்டிப்பா வேணும். கலர் ஆரஞ்சு. பச்சை, பழுப்பு, காட்டுக் கலர் எதுவும் வேணாம். இலை மேல வச்சுட்டு மிருகத்தத் திருப்பிப் போட்டுட்டுத் தேடுனா கிடைக்காது, நான் ரெண்டு கத்திய அப்படியே காட்டுக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

கடையில எடுத்துப் பாக்கறப்ப கையுறை போட்டுக்கிட்டே புடிச்சுப் பாரு தம்பி. வெறுங்கைக்குப் பொருந்தறது நைட்ரைல் கையுறை போட்டா வேற மாதிரி இருக்கும்.

பழையகத்தி:

கையுறைன்னதும் ஞாபகம் வருது. கத்தி புடிக்காத கைக்கு, நைட்ரைலுக்கு உள்ள வெட்டுப்படாத நூல் கையுறை ஒண்ணு போடச் சொல்லுங்க. காயம் படறது பெரும்பாலும் அந்தக் கையிலதான்.

மூட்டுக்காரர்:

கையுறை வெட்டுக்கு மட்டும் இல்ல. காட்டுப்பன்னிகிட்ட இருந்து புருசெல்லாங்கற கிருமி ரத்தம் வழியா கைக் கீறல்ல ஏறும், முயல்கிட்ட துலரேமியாங்கற நோய் அதே மாதிரி. பன்னியும் கரடியும் டிரிக்கினெல்லா புழு சுமக்கும், காட்டு மிருகத்துல இருக்கற சில வகைங்க உறையவச்சாலும் சாகாது, உள்ள 71 டிகிரி வரைக்கும் வேகணும்.

மான் வகையில சிடபிள்யுடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ், மூளைய அரிச்சு உடம்ப உருக்குற நோய்) இருக்கற பகுதின்னா இன்னும் கவனம். 1967ல அமெரிக்காவுல கொலராடோவுல அடைச்சு வளத்த மானுங்கள்ல முதல்ல கவனிச்ச நோய், 2016ல நார்வேல காட்டு கலைமான்லயும் கண்டுபிடிச்சாங்க. காரணம் ப்ரியான்னு ஒரு புரதம், கொதிக்க வச்சாலும் போகாது. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் உறுதியா ஒண்ணும் இல்ல, ஆனாலும் மூளை, தண்டுவடம், கண்ணு, மண்ணீரல், நிணநீர்க் கட்டிங்க பக்கம் கத்திய கொண்டு போகாத, பரிசோதனைக்கு மாதிரி குடுத்துட்டு முடிவு வர்ற வரைக்கும் சமைக்காத. முதுகெலும்ப ரம்பத்தால ரெண்டா அறுக்கறது வேணவே வேணாம்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கத்திய சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, சதைத் துணுக்கு ஒண்ணும் இல்லாம பாத்து, வீட்டு பிளீச் 40 பங்கு, தண்ணி 60 பங்குன்னு கலந்து 5 நிமிஷம் முக்கி வைக்கணும், ஸ்டீல் மேல இருக்கற ப்ரியான் அதுல அடங்குதுன்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சில காட்டியிருக்காங்க. துணுக்கு ஒட்டியிருந்தா உள்ள இறங்காது, அதனால தேய்க்கறதுதான் முக்கியம். உடனே அலசித் தொடைச்சிரு, பிளீச் எஃகையும் தின்னும். மரக் கைப்பிடி, தோல் உறை எல்லாம் இதுக்குத் தாங்காது.

முதல்சீசன்:

பயமா இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டது நல்லது. அப்ப காட்டுக்கு மூணரை இன்ச் ஒண்ணு. வீட்டுக்கு வந்து கறி போட அதுவே போதுமா?

மூட்டுக்காரர்:

முடியும், ஆனா நேரம் ஆகும், கறியும் பிஞ்சு பிஞ்சு வரும். வீட்டுக்கு 6 இன்ச் போனிங் கத்தி ஒண்ணு வாங்கு, லேசா வளைஞ்சது, கொஞ்சம் நெளியற மாதிரி. கறிக்கடைக்காரங்க வச்சிருக்கற பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்தியே போதும், விக்டோரினாக்ஸ் மாதிரி எதுவா இருந்தாலும் சரி, காட்டுக்கத்திய விட கம்மி விலைதான். முதுகுக்கறிய எடுக்கறப்ப அது நெளிஞ்சு எலும்ப ஒட்டியே போகும், ஒரு விரல் அளவு கறி கூட முதுகெலும்புல தங்காது. வெள்ளிச் சவ்வு உரிக்கறதும் அதுலதான், நுனியில கொஞ்சம் கீறி சவ்வ இடது கையால இறுக்கிப் புடிச்சு, கத்தி வாய சவ்வுப் பக்கமா லேசா சாய்ச்சு, கத்திய அசைக்காம சவ்வ முன்னும் பின்னும் ஆட்டி இழு. கறிப் பக்கம் சாய்ச்சா கறி போயிரும்.

பெரிய மிருகம் அடிக்கடி வந்தா 10 இன்ச் வளைஞ்ச வெட்டுக்கத்தி ஒண்ணு சேத்துக்கலாம், துண்டு போடறப்ப ஒரே இழுப்புல போகும். முதல் வருஷத்துக்கு வேணாம்.

முதல்சீசன்:

தீட்டறதுதான் எனக்கு வரவே இல்ல. சமையல் கத்திய யூடியூப் பாத்து கல்லுல தேச்சேன், முன்ன இருந்ததவிட மோசமாயிருச்சு.

எஃகுப்பித்தன்:

கோணம் மாறியிருக்கும், இல்ல பிசிறு வராம நிறுத்தியிருப்பீங்க. ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி, ஏறக்குறைய. வாய் ஓரத்துல மார்க்கர் பேனா மைய பூசிக்கிட்டு கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துப் பாருங்க, மை எங்க அழிஞ்சிருக்குன்னு பாத்தா கல்லு எங்க படுதுன்னு தெரிஞ்சிரும். வாய்க்கு மேல மட்டும் அழிஞ்சா கோணம் கம்மி, வாய் விளிம்பு மட்டும் அழிஞ்சா கோணம் ஜாஸ்தி. ஒரு பக்கம் தேச்சுக்கிட்டே போனா மறுபக்கத்துல மெலிசா ஒரு பிசிறு எழும்பும், கட்டைவிரல வாய்க்குக் குறுக்க வெளிப்பக்கமா இழுத்தா நகத்துல சொரசொரன்னு தட்டும், அது அடிப்பிடியில இருந்து முனை வரைக்கும் வந்தாத்தான் பக்கம் மாத்தணும். கடைசில தோல்பட்டையில பின்னோக்கி இழுத்து பிசிற எடுத்துருங்க, 2000, 3000னு நைசுக் கல்லுக்கு போய் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏத்தினா இன்னும் சூப்பர்.

மூட்டுக்காரர்:

இங்க மட்டும் எனக்கு ஒத்து வரல. கண்ணாடி பாலிஷ் முடிய சிரைக்கும், காகிதம் வெட்டும், ஆனா தோல்லயும் ஈரச் சதையிலயும் சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும். 600 கல்லுல நிறுத்தி பிசிற மட்டும் எடுத்தா வாய்ல கண்ணுக்குத் தெரியாத பல்லு இருக்கும், அது சதையக் கவ்வும், இழுத்து அறுக்கற வேலைக்கு அதுதான் லாயக்கு. தினம் எட்டு மணி நேரம் அறுக்கறவன் சொல்றேன்.

எஃகுப்பித்தன்:

மெலிசு வாய் ஏஇபி-எல்ல பாலிஷும் நல்லா நிக்குதுண்ணே, நான் ரெண்டையும் ஒரே மிருகத்துல மாத்தி மாத்திப் பாத்திருக்கேன். ஆனா உங்க எஃகுக்கும் உங்க வேலைக்கும் நீங்க சொல்றது சரின்னு ஏத்துக்கறேன். தம்பி 600லயே நிறுத்தட்டும், சுலபமும் அதுதான்.

பழையகத்தி:

மழுங்கிருச்சான்னு பாக்க ஒரு வழி. விளக்குக்கு நேரா வாய் மேல பாத்த மாதிரி கத்தியப் புடிச்சு லேசா ஆட்டு. கூரான வாய்ல வெளிச்சம் நிக்காது. எங்கயாவது வெள்ளையா ஒரு புள்ளியோ கோடோ மின்னுனா அந்த இடம் மழுங்கியிருக்கு, இல்ல மடங்கியிருக்கு. கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி இத ஒரு தடவ பாரு. விரல் நீளத்துக்குப் பீங்கான் கோல் ஒண்ணு பையில போட்டுக்க, மிருகத்துக்கு நடுவுல அஞ்சு இழுப்பு இழுத்தா வேலை ஓடும்.

முதல்சீசன்:

மூணு மாசம் கழிச்சு வந்து எழுதறேன், எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

வாங்குனது மூணரை இன்ச் டிராப் பாயிண்ட், 3 மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ், ஆரஞ்சு ரப்பர் கைப்பிடி. கடையில கையுறை போட்டுக்கிட்டு நாலு கத்தியப் புடிச்சுப் பாத்தேன், கடைக்காரர் ஒரு மாதிரியாப் பாத்தார். விரல நீட்டினா முனை கொஞ்சம்தான் தாண்டுது. அந்த 7 இன்ச்சையும் எடுத்துப் பாத்தேன், விரல் பாதி கூடப் போகல.

சாயங்காலம் வெளிச்சம் போற நேரத்துல ஒரு பெட்டை மான் விழுந்துச்சு. அது முன்னாடி மண்டி போட்டப்ப கொஞ்ச நேரம் கையே ஓடல, மனசு ரொம்ப கனத்துப் போச்சு, ஒரு துளி கறி வீணாக்கக் கூடாதுன்னு மட்டும் நெனச்சுக்கிட்டேன். மலைநடை அக்கா சொன்ன மாதிரியே தோலக் கிள்ளித் தூக்கி ரெண்டு விரல விட்டேன். உள்ள இருந்த சூடு கையுறையத் தாண்டி தெரிஞ்சுது, குடல் விரலோட முதுகுல உரசிக்கிட்டே இருந்துச்சு, ஆனா கத்தி அதத் தொடவே இல்ல. மாமா பத்து நிமிஷத்துல முடிச்சது எனக்கு ஐம்பது நிமிஷம் ஆச்சு. இரைப்பை, மூத்திரப்பை ரெண்டும் முழுசா வெளிய வந்துச்சு.

தப்பு நடந்தது தோல் உரிக்கறப்ப. கால்ல வளையம் போடறதுக்கு அவசரத்துல வெளிய இருந்து முடியோட சேத்து அறுத்துட்டேன், ரெண்டாவது கால்லயே கத்தி இழுக்க ஆரம்பிச்சிருச்சு. விளக்குல புடிச்சுப் பாத்தா நடுவுல வெள்ளைக் கோடு. பீங்கான் கோல்ல தீட்டிட்டு மிச்சத்த உள்ள இருந்து வெளிய அறுத்தேன், கடைசி வரைக்கும் ஓடுச்சு. சப்பைய தூக்கினதும் அந்தப் பஞ்சு சவ்வு விரிஞ்சுது, எலும்பே இல்லாம கால் கையோட வந்தப்ப சத்தமா கத்திட்டேன். இடுப்பு மூட்டு 'டொக்'குனுச்சுண்ணே.

ஒரு கேள்வி. கழுவித் தொடைச்சு தோல் உறையிலதான் போட்டு வச்சேன், ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா வாய் ஓரமா சின்னச் சின்னதா பழுப்புப் புள்ளிங்க. ஸ்டெயின்லெஸ்தானே?

எஃகுப்பித்தன்:

கறை கம்மியா புடிக்கும், அவ்ளோதான் அந்தப் பேருக்கு அர்த்தம். குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் இருந்தா ஸ்டெயின்லெஸ்னு கணக்கு, ரத்தத்துல இருக்கற உப்பும் ஈரமும் சேந்து நின்னா அதையும் அரிக்கும். தோல் உறை ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், பதனிடறப்ப போட்டதோட மிச்சமும் அதுல இருக்கும், அதுக்குள்ள கத்திய நாள்கணக்குல தூங்க விடக் கூடாது. புள்ளிங்க மேலோட்டமாத்தான் இருக்கும், சமையல் சோடாவ தண்ணில குழைச்சு துணியால தேச்சா போயிரும், வாய்ல இருக்கறது அடுத்த தீட்டுல போகும்.

மூட்டுக்காரர்:

டொக்குன்னுச்சா! சந்தோஷம் தம்பி.

உறைய நிழல்ல காயப் போடு, கத்திய உறைக்கு வெளிய, உணவுக்கு ஆகற மினரல் ஆயில் ரெண்டு சொட்டு தடவி காகிதத்துல சுத்தி வை. உறைக்கு உள்ளயும் பழைய ரத்தம் காஞ்சு கிடக்கும், மூக்குகிட்ட வச்சுப் பாத்தா தெரியும். அடுத்த தடவ கழுவுற மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டது வாங்கு.